மூக்கில் செல்கள் திரும்ப வளர்ந்துவிட்டன, சரி. எங்கே போய் இணைந்தன?

மோப்ப நரம்பணுக்கள் செத்தாலும் மறுபடி உருவாகும் என்று எல்லோரும் படித்திருப்போம். பிறந்த சில நாளிலேயே ஆய்வுக்காக மோப்ப உறுப்பில் காயப்படுத்தப்பட்ட சுண்டெலிக் குட்டிக்கு அந்த ஒரு வரி போதாது. எந்தச் செல் போனது, எந்த வயதில் போனது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மோப்ப நரம்பை அறுத்தால் முதிர்ந்த நரம்பணுக்கள்தான் கூட்டமாகச் சாகும். அவற்றைச் சூழ்ந்து நிற்கும் தாங்கு செல்கள் தப்பிவிடும். புதிய நரம்பணுக்களைத் தரும் உருண்டை அடிச்செல்கள் வேகமாகப் பிரிந்து காலி இடத்தை நிரப்பிவிடும். இந்த நரம்பணுக்கள் போய் இணையும் மூளைப் பகுதியான மோப்பக் குமிழையே எடுத்துவிட்டாலும் தொடக்கம் இப்படித்தான். ஆனால் புதிய நரம்பணுக்களுக்குப் போய்ச் சேர இடமில்லாததால் அவை இளமையிலேயே சாகும், முதிர்ந்தவற்றின் எண்ணிக்கை ஏறவே ஏறாது.

மெத்திமசோல் என்ற மருந்தைக் கொடுத்தால் தாங்கு செல்களும் சேர்ந்து உரியும். அப்போதுதான் அடிச்சவ்வில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் கிடைமட்ட அடிச்செல்கள் என்ற சேமிப்பு மூலச்செல்கள் விழிக்கும். அவற்றை அடக்கி வைத்திருப்பது பி63 புரதம். அதைக் குறையாமல் காப்பது செல்லுக்குச் செல் போகும் நாட்ச் சைகை. தாங்கு செல் போனால் சைகை நிற்கும், பி63 இறங்கும், செல் பிரியத் தொடங்கும். பிறந்த குட்டியில் இந்தச் சேமிப்பு அடுக்கு முழுதாக அமைந்திருக்காது. வளர்ந்த எலியின் முடிவை அப்படியே குட்டிக்குப் பொருத்துவது தவறு.

செல்களை அடையாளம் காணச் சாயமேற்றும்போது ஒரு பொறி உண்டு. புதிய செல்லில் முதிர்ச்சியைக் காட்டும் ஓஎம்பி புரதம் தெரிய ஏறக்குறைய ஒரு வாரமாகும். ஐந்தாம் நாளில் அதை மட்டும் எண்ணினால் மீட்சியே இல்லை என்று தோன்றும். பிரியும் செல்லுக்குக் கேஐ67, இளம் நரம்பணுவுக்கு ஜிஏபி43 என்ற அடையாளப் புரதங்கள் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

ஒரு நாசித்துளையைச் சூட்டுக்கோலால் அடைப்பது இன்னொரு ஆய்வு வழி. பிறந்த முதல் நாளில் அடைத்தால் ஒரு மாதத்தில் அந்தப் பக்கக் குமிழ் கால்வாசி சிறுத்துவிடும். குமிழில் சேரும் கிரானுல் செல்கள் என்ற புதிய சிறு நரம்பணுக்கள் பலவும் பிழைப்பதில்லை. குமிழில் டோபமைன் உருவாக்க உதவும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியின் சாயம் மங்குவதைச் செல் சாவு என்று எழுதிவிடாதீர்கள். செல் இருக்கும், நொதிதான் குறைந்திருக்கும், துளையைத் திறந்தால் திரும்பும். மறுபக்கத்தை இயல்பான ஒப்பீடாக வைப்பதும் ஆபத்து, ஏனென்றால் காற்று முழுதும் அந்த வழியாகத்தான் போகிறது. அறுவை செய்யாத உடன்பிறந்த குட்டி கட்டாயம் வேண்டும்.

இணைப்பு வேறு கணக்கு. சுண்டெலியில் மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள், ஒரு நரம்பணுவுக்கு ஒன்றே. ஒரே வகை ஏற்பி கொண்ட நரம்பணுக்களின் இழைகள் ஒவ்வொரு குமிழிலும் பொதுவாகக் குளோமெருலஸ் என்ற இரண்டு உருண்டை இணைப்பு முடிச்சுகளில் கூடும். இந்த வரைபடம் பிறந்த முதல் வாரத்தையொட்டி உறுதிப்படுகிறது. பின்னால் வரும் இழைகள் முன்னே போனவற்றின் தடத்தைப் பிடித்துப் போகும். தடம் பதியும்போதே கலைந்துவிட்டால், அல்லது பிறகு எல்லா இழைகளும் ஒரேயடியாக அழிந்தால், செல் எண்ணிக்கை நிறைந்தும் இழைகள் தவறான குளோமெருலஸ்களில் சிதறும்.