பூலியாவின் ஆலிவ் சமவெளியில், அறுவடை நாட்களில்

இத்தாலியின் தென்கிழக்கு மாநிலமான பூலியாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கோடைக்காலத்தில் கடலை நாடி வருகிறார்கள். நாங்கள் நவம்பரைத் தேர்ந்தெடுத்தோம். ஆலிவ் பண்ணை ஒன்றில் தங்குவதென்றால், அந்தப் பண்ணை உண்மையிலேயே உழைத்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான் தங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாரி விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்துக் கடலோர நெடுஞ்சாலையைப் பிடித்தால், நாங்கள் செல்லவேண்டிய ஃபசானோ ஊரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடைந்துவிடலாம். விரைவைத் தவிர அந்தச் சாலையில் வேறு சிறப்பு ஏதும் இல்லாததால், புத்திஞானோ, அல்பெரோபெல்லோ வழியாக மேட்டுநிலத்தில் செல்லும் 172-ஆம் எண் சாலையில் திரும்பினோம். (இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும், பழைய நகரங்களின் உட்பகுதியில் அனுமதியில்லாத வண்டிகளுக்குத் தடை இருப்பதால், காரை வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.) சாலையின் இருபுறமும் சாந்து இல்லாமல் அடுக்கிய சுண்ணாம்புக்கல் சுவர்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுக்குள் திராட்சை, பாதாம், ஆலிவ் என்று சிறுசிறு தோட்டங்களும், கூம்புக் கூரை கொண்ட துருல்லி வீடுகளும் கலந்து கிடக்கின்றன. அல்பெரோபெல்லோவின் துருல்லிகள் 1996-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றவை. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் நான் மேலே செல்கிறேன்.

கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்திலுள்ள லோகோரொத்தொந்தோவைக் கடந்து, ஃபசானோவை நோக்கி மலைவிளிம்பில் வளைந்து இறங்கும்போது நிலம் முற்றிலும் மாறிவிடுகிறது. கீழே ஏட்ரியாட்டிக் கடல் வரைக்கும் வெளிர்பச்சையாக ஆலிவ் மரங்கள் மட்டுமே விரிந்திருக்கின்றன. செம்மண்ணில் தாராளமான இடைவெளியில் நிற்கும் அந்த மரங்களில் சில ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை என்று கருதப்படுகின்றன. முறுக்கிப் பிழிந்த துணியைப் போலத் திருகி, நடுவில் பொந்து விழுந்து, ஒரே மரம் மூன்று மரங்களாகப் பிரிந்து நின்றபின்னும் காய்த்துக்கொண்டிருப்பதை அருகில் நின்று பார்த்தபோதுதான், இவற்றுக்கென்று 2007-இல் மாநிலம் தனிச்சட்டம் இயற்றியதன் நியாயம் புரிந்தது. தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு ஒரு மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அந்த மரம் நினைவுச்சின்னமாகக் கருதப்படும். நிலத்தின் சொந்தக்காரரே ஆனாலும் அதைத் தம் விருப்பப்படி வெட்டவோ பிடுங்கவோ முடியாது.

நாங்கள் தங்கிய இடம் ஒரு மஸ்ஸெரியா, அதாவது உயர்ந்த மதிலும் ஒருசில சன்னல்களும் மட்டுமே கொண்ட பழைய கோட்டைப் பண்ணைவீடு. கடல்வழியாக வந்த கொள்ளையருக்கு அஞ்சி அவ்வாறு கட்டினார்கள். இன்று இத்தகைய வீடுகளில் பல, நீச்சல்குளம் வெட்டிய விடுதிகளாக மாறிவிட்டன. ஆனால், ‘அக்ரிதூரிஸ்மோ’ (பண்ணைச் சுற்றுலா) என்ற பெயரில் விருந்தினரை ஏற்க வேண்டுமானால் வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம் கூறுகிறது. எங்கள் பண்ணையில் அதற்குச் சான்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலை உணவை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கார அம்மையார் தோட்டத்துக்குப் போய்விடுவார். உபசரிப்பை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மரத்தடியில் வலை விரித்து, நீண்ட கோலின் நுனியில் அதிரும் சீப்பால் கிளைகளைக் கோதுகிறார்கள். பச்சையும் ஊதாவுமாகக் காய்கள் மழைபோல் உதிர்கின்றன. அவற்றைச் சாக்கில் அடைப்பதில்லை, காற்றுப் புகும் பெட்டிகளில்தான் நிரப்புகிறார்கள். குவிந்து கிடந்தால் காய் சூடேறிப் புளிக்கும், எண்ணெயின் அமிலத்தன்மை உயரும். முதல்தர எண்ணெயைக் குறிக்கும் ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்ற பெயரில் விற்க அந்த அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே பகலில் பறித்ததை அன்று மாலையே ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே இலையை ஊதி அகற்றி, காயைக் கழுவி, கொட்டையோடு அரைத்து, அந்த விழுதை 27 பாகை செல்சியசுக்கு மேல் போகவிடாமல் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாகக் கிளறுகிறார்கள். பிறகு சுழல் இயந்திரம் எண்ணெயைத் தனியே பிரிக்கிறது. குழாய்முனையில் வருவது பளிச்சென்ற பச்சை நிறத்தில், கலங்கலாக, அறுத்த புல்லின் மணத்தோடு இருக்கிறது. ரொட்டியில் ஊற்றிச் சாப்பிட்டால் முதலில் கசப்பு, பிறகு தொண்டையில் மிளகுக் காரம். அந்தக் காரத்தைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. புதிய எண்ணெயின் நலமே அதுதான்.

பண்ணையின் அடியில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பழைய ஆலை ஒன்றும் இருக்கிறது. நம் செக்கில் உரலுக்குள் உலக்கை சுற்றும். இங்கே தொட்டியின்மீது நின்றவாக்கில் பெருங்கல் உருளும். நிலத்தடியின் வெதுவெதுப்பு எண்ணெய் உறையாமல் காத்ததால் கீழே அமைத்தார்கள். இவ்வகை ஆலைகளின் எண்ணெயில் பெரும்பகுதி சமையலுக்கு அல்ல, விளக்கெரிக்கவே போயிற்று. தெற்கே கல்லிப்போலித் துறைமுகத்திலிருந்து இலண்டன் வரை கப்பலேறியது.

அதே கல்லிப்போலிப் பகுதியில்தான் 2013-இல் சைலெல்லா என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. நீரேற்றும் குழல்களை அடைத்து மரத்தைக் காயவைக்கும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. நுரைப்பூச்சி மூலம் பரவி, பல லட்சம் மரங்களை அழித்து, வடக்கே இந்தச் சமவெளி வரை வந்துவிட்டது. வசந்தத்தில் புல்லை உழுதுவிட்டால் பூச்சியின் இளம் பருவமே அழிந்துவிடும் என்பதால், அந்த உழவு இப்போது கட்டாயம். நோயைத் தாங்கும் லெச்சீனோ வகையைப் பழைய அடிமரத்தில் ஒட்டுக்கட்டியும் பார்க்கிறார்கள். அம்மையார் காட்டிய மரத்தில், கிழட்டு அடிமரத்தின் மேல் விரல்தடிப்பில் தளிர்க்கொம்புகள் நின்றன. பிழைக்குமா என்று கேட்டேன். “என் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்” என்றார்.

கிளம்பும்போது ஐந்து லிட்டர் டின் ஒன்று வாங்கினோம். விலை நம் ஊர்க் கடையில் கிடைக்கும் இறக்குமதி எண்ணெயைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டின்னில் அறுவடை ஆண்டு அச்சிட்டிருந்தது. ஆலிவ் எண்ணெய் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.