வலி குறைந்த நாளில்தான் ஜாக்கிரதை

இடுப்பு வலியோடு எனக்கு 9 வருஷப் பழக்கம். முதல் இரண்டு வருஷம் அதை ஒழித்துக்கட்டியே தீருவது என்று அலைந்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்று லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. ஆஹா, ஆள் அகப்பட்டான் என்று இருந்தது எனக்கு. மருத்துவர் அசரவே இல்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், வயது ஏற ஏற நரை விழுகிற மாதிரிதான் இதுவும் என்றார். கோபம் கோபமாக வந்தது. ஒரு வழியாகக் கிடைத்த சாட்சியும் செல்லாது என்றால்?

3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். பல பேருக்கு அதற்குள் அடிபட்ட இடம் ஆறியிருக்கும், நரம்பு மண்டலம் மட்டும் உஷார் நிலையிலிருந்து இறங்காது. பல்லி ஓடினாலே அலறுகிற திருட்டு அலாரம் மாதிரி. அதனால் வலி பொய் என்று ஆகிவிடாது. அலாரம் நிஜமாகத்தான் அடிக்கிறது.

என் பிசியோதெரபிஸ்ட் இரண்டு வாரம் குறிப்பு எழுதச் சொன்னார். என்ன வேலை, எவ்வளவு நேரம், வலி 0 முதல் 10க்குள் எத்தனை. அவ்வளவுதான். வேண்டாவெறுப்பாக எழுதினேன். திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: வலி 3 என்று எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் இரண்டு நாள் 7. வலி குறைந்ததுமே போர்வை துவைப்பது, அலமாரி ஒழிப்பது என்று பாக்கி வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடித்திருக்கிறேன். அப்புறம் படுத்திருக்கிறேன்.

சரி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தோம். பாத்திரம் துலக்க நின்றால் வலி ஏற ஒரு நாள் 14 நிமிஷம், ஒரு நாள் 19, ஒரு நாள் 12. சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 12 நிமிஷத்தில் நிறுத்த வேண்டும். வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.

முதல் வாரம் ஏமாற்றினேன். கையெல்லாம் நுரை, தொட்டியில் இன்னும் நாலே பாத்திரம், டைமர் அடிக்கிறது. முழங்கையால் தட்டி அணைத்துவிட்டு நாலையும் முடித்தேன். மறுநாள் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. அதற்குப் பிறகு நுரையோடு அப்படியே போட்டுவிட்டு வரப் பழகினேன். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். தெரியட்டும். நிற்கிற நேரத்தை வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். சில வாரம் கூடவில்லை. 8 மாதத்தில் 35 நிமிஷம் வந்தது. ஒரு காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து மாற்றி மாற்றி நிற்பதும் உதவியது.

மாத்திரை விஷயம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு வயிறு எரிய ஆரம்பித்ததும், ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கான மருந்து என்று தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. ஆனால் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் அதைக் கொடுப்பார்களாம். காலையில் வாய் உலர்ந்துபோகும், ஆனால் தூக்கம் வந்தது. தூங்கிய மறுநாள் அதே வலி அவ்வளவு கடிப்பதில்லை. இது எனக்கு ஒத்துவந்தது, நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் போனாலோ டைமர் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீட்டில் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்பதே என் பதிலாக இருந்தது. அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்? இப்போது எண்தான். “இன்னைக்கு எத்தனை?” என்பார் கணவர். ஆறு என்றால் பாத்திரம் அவர் பொறுப்பு. மூன்று என்றால் ஒன்றும் பேசாமல் டைமரைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்துவிடுவார்.