பன்னிரண்டு மூட்டை பழைய துணி

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. மே கடைசியில் சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போனேன். ஜீப்பில், எங்கள் தெருவில் திரட்டிய பன்னிரண்டு மூட்டை பழைய துணி. அதில் ஒரு பட்டுப்பாவாடையும் இருந்தது, யார் போட்டார்களோ!

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் சரிந்து கிடந்தன. ஒரு மூதாட்டி மூட்டைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. வானத்தைக் காட்டி, "ஜஸ்தா" என்றார். கூரைத் தகரம். ஜூனில் மழை தொடங்கிவிடும்.

காத்மாண்டு திரும்பி, கையிருந்த பணத்தையெல்லாம் சேர்த்து எண்பது தகடுகள் வாங்கினோம். மேலே சுமந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். நான் இரண்டாவது தகட்டிலேயே உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மூதாட்டிதான் மஞ்சள் வைத்துக் கட்டினார், பட்டுப்பாவாடையிலிருந்து கிழித்த துணியால்.