ஆஸ்பத்திரியில் முதல் ஓ.பி. சீட்டு எந்தக் கிழமை போட வேண்டும்?

கடலூரிலிருந்து புதுச்சேரி அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள் எத்தனை மணி பஸ்ஸைப் பிடிப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தக் கிழமை போவது என்று கேட்பவர் அபூர்வம். நோயாளிகளுக்குத் துணையாகப் போய்வருகிற எங்களைக் கேட்டால், விடியற்காலை பஸ்ஸைவிடக் கிழமைதான் முக்கியம்.

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு, மகப்பேறு போன்ற பெரிய துறைகள் எல்லாம் யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். யூனிட்டுக்கு ஒரு சீஃப், அவருக்குக் கீழே மற்ற டாக்டர்கள், பி.ஜி. என்னும் மேற்படிப்பு மாணவர்கள். அந்த யூனிட் வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் ஓ.பி., அதாவது புறநோயாளிகளைப் பார்க்கும், மற்ற நாளில் வார்டு, தியேட்டர், வகுப்பு. புதிதாக வருபவர் எந்தக் கிழமை முதல் சீட்டுப் போடுகிறாரோ, அந்தக் கிழமை யூனிட்டுக்கே உரியவராகிவிடுவார். அடுத்தடுத்த பரிசோதனைக்கும் அதே கிழமை. படுக்கை தேவைப்பட்டால் அந்த யூனிட் வார்டு, ஆபரேஷன் என்றால் அந்த யூனிட்டுக்குத் தியேட்டர் இருக்கும் நாள். ஆகவே திங்கட்கிழமை கடையை மூட முடியாதவர் திங்கட்கிழமை முதல் சீட்டுப் போடக் கூடாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர் அந்த மூன்று நாளையும் தவிர்த்துவிட்டுத்தான் கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேறு கிழமையில் போனால் சீட்டு தரும் கவுன்ட்டரில் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். அங்கேதான் சிக்கலே. சீட்டு கிடைத்த நம்பிக்கையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து உள்ளே போனால், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு உங்க யூனிட் இல்லையேம்மா, வியாழக்கிழமை வாங்க” என்பார் பி.ஜி. டாக்டர். அவரைக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. பழைய கேஸை முழுதாகத் தெரிந்தவர் அன்றைக்கு அந்த அறையில் இல்லை. இரவில் எமர்ஜென்சி வழியாகச் சேர்ந்தவர்களுக்கும் இதே கணக்குதான்: அன்றிரவு எந்த யூனிட் டியூட்டியோ, டிஸ்சார்ஜுக்குப் பிறகு அவர்களுடைய ஓ.பி. நாளில்தான் காட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் யூனிட் பெயர் இருக்கும். கிழமை எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிஸ்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது லீவு நாள். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். புத்த பூர்ணிமா, குருநானக் ஜெயந்தி போன்ற நாட்களில் தமிழ்நாட்டில் ஆபீஸ் எல்லாம் திறந்திருக்கும், அங்கே ஓ.பி. மூடியிருக்கும். கதிர்காமம் மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடி பெண்கள் குழந்தைகள் மருத்துவமனை, கடற்கரைப் பக்கத்து ஜி.எச். ஆகியவை புதுச்சேரி அரசைச் சேர்ந்தவை. புதுச்சேரிக்கு ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் தனி விடுமுறை. கடலூர் காலண்டரில் அவை சிவப்பில் இருக்காது. அந்தத் தேதிகளை ஒட்டிப் போவதாக இருந்தால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எமர்ஜென்சி மட்டும் எல்லா நாளும் உண்டு. இன்னொன்று, ஆட்டோக்காரரிடம் வெறுமனே “பெரியாஸ்பத்திரி” என்று சொல்லாதீர்கள். நீங்கள் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரை நினைத்துச் சொல்ல, அவர் பீச் பக்கத்து ஜி.எச். வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

ஆஸ்பத்திரி நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். சீட்டைத் தொலைத்துவிட்டுப் புது ஆள் மாதிரிப் பதிவு செய்தால் புது நம்பர் விழும். பழைய ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் பழைய நம்பரில் தங்கிவிடும். கம்ப்யூட்டரில் தேடினால் ஒன்றும் வராது. நம்பரை ஆதார் ஜெராக்ஸின் பின்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். க்யூ.ஆர். ஒட்டியிருக்கும் இடங்களில் ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) வைத்திருப்பவர் போனில் ஸ்கேன் செய்தால் டோக்கன் வந்துவிடும், பெயர் விலாசம் சொல்லி நிற்கும் நேரம் மிச்சம். டோக்கன் கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். ஸ்கேன் செய்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அறைக்கு வெளியே நோட்டை வாங்கி அடுக்குவார்கள். அடுக்கின் அடியில் இருப்பது முதலில் வந்தவருடையது. அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தால் மேலே இருக்கும் நோட்டு, அதாவது கடைசியாக வந்தவருடையது, முதலில் திறக்கப்படும். முந்திப் போனவர் காசு கொடுத்திருப்பார் என்று வரிசை முழுக்கப் புகைச்சல் கிளம்பும். பாதி நாள் காரணம் இவ்வளவுதான். அடுக்கைத் திருப்பி வைக்கச் சொல்லி அட்டெண்டரிடம் தன்மையாகச் சொன்னால் கேட்பார்.

உள்ளே பார்ப்பதும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பி.ஜி. டாக்டர் கேட்டு எழுதுவார், பிறகு சீனியரிடம் காட்டுவார். முதல் கட்டம் முடிந்ததும் வெளியே உட்காரச் சொல்வார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பியவர்கள் உண்டு. ஃபைலில் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி மேலே, அதன் கீழ் புது ரிப்போர்ட், அதன் கீழ் பழையவை. “வெள்ளை கலர் சின்ன மாத்திரை” என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் அச்சான பக்கம் கிழியாமல்.

ரத்தப் பரிசோதனையில்தான் நாள் அதிகம் வீணாகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். காலை பஸ்ஸில் குடித்த அரை டம்ளர் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தம் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து. கேன்டீன் வரிசையில் நின்ற நேரத்தைச் சேர்க்கக் கூடாது. குழாய் மூடியின் நிறத்தைக் கவனியுங்கள்: சாம்பல் மூடி சர்க்கரைக்கு, ஊதா மூடி ரத்த அணுக்களுக்கும் மூன்று மாதச் சராசரி சர்க்கரைக்கும், இளநீல மூடி ரத்தம் உறையும் நேரத்துக்கு. வால்வு ஆபரேஷன் செய்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த இளநீலக் குழாய் சரியாகக் கோடு வரை நிரம்ப வேண்டும். உள்ளே இருக்கும் மருந்துத் திரவம் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு என்பது கணக்கு. குறைந்தால் லேபில் நிராகரித்துவிடுவார்கள், நிராகரித்தது மதியம்தான் தெரியவரும். குழாயில் ஒட்டும் ஸ்டிக்கரில் உங்கள் பெயர், நம்பர் இருக்கிறதா என்று கையை நீட்டும் முன் படித்துப் பாருங்கள். கூட்ட நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் ரிப்போர்ட்டே மாறிப்போகும்.

24 மணி நேர மூத்திரம் சேர்க்கச் சொன்னால் முதல் நாள் காலை எழுந்ததும் போவதைச் சேர்க்கக் கூடாது. அந்த மணியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதையெல்லாம் சேர்த்து, மறுநாள் அதே மணிக்குப் போவதையும் சேர்த்து முடிக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஸ்கேனுக்குத் தேதி தள்ளித்தான் கிடைக்கும். டாக்டர் எழுதிய மறுவருகை 15-ஆம் தேதி, ஸ்கேன் கவுன்ட்டரில் கொடுத்த தேதி 20 என்றால், 15-ஆம் தேதி கையை வீசிக்கொண்டு போய் அதே கையோடு திரும்ப வேண்டியதுதான். ஸ்கேன் தேதி வாங்கியவுடன் அன்றே அறைக்குத் திரும்பி மறுவருகையை மாற்றி எழுதி வாங்குங்கள். அதற்கு வரிசையில் நிற்க வேண்டாம், வாசலில் இருப்பவரிடம் சொன்னால் போதும். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிறு. கர்ப்பப்பை, மூத்திரப்பை பார்ப்பதற்கு மூத்திரம் முட்ட வேண்டும். ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேன் என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்பார்கள்.

மாத்திரை கவுன்ட்டரில் அங்கேயே எண்ணுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, 30 நாள் என்றால் 60. வெளியே வந்து எண்ணிப் பார்த்து 50 என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்சுலின் பாட்டில் வாங்கினால் லேபிளில் 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று பாருங்கள். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், மருந்தைக் குறை சொல்வார்கள். மாற்றிப் போட்டால் அதைவிட ஆபத்து, இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பஸ்ஸில் கொண்டுவர வாய் அகன்ற ஃபிளாஸ்க் போதும். ஐஸ் பாட்டிலைத் தொடாதபடி துணியில் சுற்றி வையுங்கள், உறைந்துபோன இன்சுலின் வீண்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மட்டும் உள்ளவர்கள் மாத்திரைக்காக மாதாமாதம் இந்தப் பயணம் போக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தவர்களுக்குத் தொடர் மருந்து வீட்டுக்கே வருகிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாங்கலாம். புதுச்சேரி டாக்டரிடம் மருந்தின் கம்பெனிப் பெயரை எழுதாமல் மூலப்பெயரும் அளவும் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் காட்டினால் இங்கே சிஸ்டருக்குத் தேட வேலையில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் குறித்த தேதியில், உங்கள் கிழமையில் போனால் போதும்.