கேப்டன் அப்பாவும் கைத்தறித் தாத்தாவும்

என் கணவரின் தாத்தாவுக்குத் தாத்தா இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து 1860களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கப்பலேறி வந்தவர். அவருடைய அப்பா ஒரு கப்பல் கேப்டன், பையன் பிறப்பதற்கு முன்பே கடலோடு போய்விட்டார் என்று அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை உண்டு. பஞ்சாலையில் வேலை பார்த்து வளர்ந்த பையனுக்குக் கேப்டன் அப்பா எங்கிருந்து வந்தார் என்று கேட்க வீட்டுக்கு வந்த மருமகளால்தான் முடியும். சொந்த ரத்தம் கேட்காது.

பிடி கிடைத்தது அவருடைய கல்யாண சர்டிபிகேட்டில். இங்கிலாந்தின் கல்யாணப் பதிவில் மணமக்களுடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் மட்டும்தான் இருக்கும், அம்மாக்களுக்கு இடம் கொடுத்ததே 2021ல்தான். விக்டோரியாவில் 1853ல் பதிவுமுறை தொடங்கியபோதே அம்மாவின் பெயரையும் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் கேட்டு எழுதிவிட்டார்கள், அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். எங்கள் ஆள் எழுதக் கொடுத்ததில் அப்பாவின் குடும்பப் பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஒன்றே. பங்காளி வீட்டுக்குள்ளேயே பெண் எடுத்தார்களா என்ன? அப்பாவின் தொழில் என்ற இடத்தில் கேப்டனைக் காணோம், கைத்தறி நெசவாளர் என்று இருக்கிறது.

சரி என்று இங்கிலாந்தின் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்தால், லங்காஷயரின் பிரெஸ்டன் ஊரில் ஒரு வீடு. குடும்பத் தலைவர் கைத்தறி நெசவாளர், பெயரும் சர்டிபிகேட்டில் கண்ட அதே பெயர். மனைவிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகாத மூத்த மகள் விசைத்தறியில் வேலை. கடைசியாக ஆறு வயதுப் பையன், உறவு என்ற இடத்தில் ‘மகன்’. அந்த வயதுப் பாட்டிக்கு அவன் மகனாக இருப்பது சந்தேகம்தான், மூத்த மகளுக்கு என்றால் கணக்கு சரியாக வரும். பேரனை மகன் என்று எழுதுவது அங்கே அடிக்கடி நடந்திருக்கிறது. பின்னாளில் அப்பா பெயர் கேட்டபோது அவரும் வளர்த்த தாத்தாவின் பெயரையே சொல்லியிருக்கிறார். நான் இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பிறப்புச் சான்று கையில் வந்ததும் உறுதியானது. இங்கிலாந்துப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால் அது பெரும்பாலும் மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை. சான்றில் அப்பாவின் கட்டம் காலி. தகவல் சொன்னவர் அம்மா, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1837 ஜூலையில் பதிவு தொடங்கினாலும் முதல் சில பத்தாண்டுகளில் பதிவே ஆகாமல் போன பிறப்புகள் நிறைய. அப்படிப்பட்டவர்களைத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். ஆரம்ப வருடங்களில் சில பதிவாளர்கள் தாய் சொன்ன பெயரை அப்படியே தந்தை என்று எழுதியதும் உண்டு. 1875 முதல் தகப்பனும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயர் ஏறும். அதனால் அந்தக் கட்டத்தில் பெயர் இருந்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள்.

பலர் இந்த இடத்திலேயே அப்பனைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மாவின் பின்னால் போனதால்தான் எங்களுக்கு அடுத்த கதவு திறந்தது. பின்னால் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, 1861 கணக்கெடுப்பில் பையன் மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயரில் பதிவாகியிருக்கிறான். அம்மாவின் கல்யாணம் தெரியாமல் பழைய பெயரிலேயே தேடினால் பையன் கிடைக்கவே மாட்டான், செத்துவிட்டான் என்று நினைத்து விட்டுவிடுவோம். அந்த வருடமே அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. 1865 வரை நீண்ட அந்தப் பஞ்சுப் பஞ்சத்தில் நிவாரணத்தை நம்பிப் பிழைத்தவர்கள் ஏராளம். விக்டோரியா அரசு பயணச் செலவில் உதவி செய்து ஆள் கூட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன: வயது, தொழில், சொந்த மாவட்டம், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரை. அதில் இவர் அம்மாவின் குடும்பப் பெயருக்கே திரும்பிவிட்டார்.

அப்பன் யார்? 1844 சட்டப்படி தாயே உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடம் போய் ஜீவனாம்சம் கேட்கலாம், ஆனால் அவள் வாய்ச்சொல் மட்டும் போதாது, வேறு சாட்சியமும் வேண்டும். கிடைத்தாலும் முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஷில்லிங்தான். 1872ல்தான் அதை 5 ஷில்லிங்காக உயர்த்தினார்கள். வக்கீல் என்று யாரும் இல்லாத ஒரு தறிக்காரப் பெண் அதற்காக ஊர் முன்னால் போய் நின்றாளா என்பது பெரிய கேள்வி. நின்றிருந்தால் உள்ளூர் செய்தித்தாளில் நாலு வரி வந்திருக்கும், இந்த வழக்குகளைப் பத்திரிகைகள் விடாமல் போடும்.

டிஎன்ஏ பரிசோதனையில் என் கணவருக்குப் புதிதாக ஒரு கூட்டம் தூரத்து உறவுகள் வந்திருக்கின்றன, எல்லோருடைய வேரும் பிரெஸ்டனுக்கு அருகே ஒரே குடும்பத்தில் போய் முட்டுகிறது. அந்தக் குடும்பத்தில் வயதுக்கு வந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர். டிஎன்ஏ குடும்பத்தைக் காட்டும், மூவரில் யார் என்று இத்தனை தலைமுறை தள்ளி அதனால் சொல்ல முடியாது. ஆகவே குடும்ப மரத்தில் நான் யாரையும் எழுதவில்லை. மூவரில் ஒருவரும் கடல் பக்கம் போனவரில்லை என்று சொன்னதும் கணவரின் அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே போன் செய்து, அந்த அண்ணன் தம்பிகள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டார். இருவர் மில்லில், ஒருவர் செருப்புத் தைப்பவர்.