கழுத்து வலியும் கிளினிக் போஸ்டிங்கும்

பல் மருத்துவம் படிப்பவர்களுக்குக் கழுத்து வலி கிளினிக்கில்தான் வரும் என்று நினைப்போம். ஆனால் ஃபாண்டம் தலையில், அதாவது பயிற்சிக்கான பொம்மைத் தலையில், பல் குடையப் பழகும்போதே எனக்குச் சாயங்காலமானால் தோள் இறுகும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கும் போஸ்டிங் ஆரம்பித்ததும் அந்தத் தூக்கம் போதாமல் போனது. வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு, அங்கிருந்து பின்மண்டை வரை இழுக்கும் வலி. ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) கேஸ் அதிகம் பார்த்த நாளில் கட்டைவிரலின் அடியும் சேர்ந்துகொள்ளும். கூடப் படிப்பவர்களிடம் சொன்னால் "எனக்கும்தான்" என்பார்கள். சீனியர்கள் "பழகிடும்" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை மருத்துவரிடம் அனுப்பியது. இன்னும் தொழிலே தொடங்கவில்லை, அதற்குள் வலிக்குப் பழகுவதா?

எலும்பு மருத்துவர் கை மரத்துப்போகிறதா என்று கேட்டார். மணிக்கட்டை மடக்கிச் சிறிது நேரம் வைத்திருக்கச் சொன்னார். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். நரம்பு நசுங்கிய அறிகுறி இல்லை, ஸ்கேன் தேவையில்லை, ஃபிசியோதெரபிக்குப் போ என்றார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போனாலோ, பிடிமானம் குறைந்தாலோ, வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார். இதைப் படிப்பவர்களுக்கும் அதுவே பொருந்தும்.

ஃபிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டது, "எப்படி உட்கார்ந்து வேலை செய்வீர்கள்?" உட்கார்ந்து காட்டினேன், நேராக. அவர் சிரித்துவிட்டு, வேலை நேரத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து வரச் சொன்னார். நோயாளியின் அனுமதியோடு, அவர் முகம் தெரியாமல் தோழி எடுத்துக் கொடுத்தாள். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தில் காரை எடுத்துக்கொண்டிருந்தேன். தலை நோயாளியின் வாய்க்குள் விழுந்துவிடும் போலக் குனிந்திருந்தது. வலது முழங்கை கோழி இறக்கை மாதிரி தூக்கி நின்றது. இடுப்புக்கு மேலே முழு உடம்பும் இடப்பக்கம் திருகியிருந்தது. இரண்டு பாதமும் தரையில் இல்லை, ஸ்டூலின் வளையத்தில் இருந்தன.

அந்த வீடியோவை வைத்து, உட்காரும் விதம் உடம்பை எவ்வளவு பாதிக்கும் என்று அளக்கும் ரூலா மதிப்பெண் போட்டார். 1993-இல் வந்த முறை அது. கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு ஆகியவற்றின் கோணங்களைப் பார்த்து 1 முதல் 7 வரை தருவார்கள். எனக்கு 7. உடனே மாற்றியாக வேண்டும் என்று அதற்குப் பொருள். தலையின் எடை 4, 5 கிலோ இருக்கும். முன்னால் சாயச் சாய அந்தப் பாரத்தைக் கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அசையாமல் அப்படியே இறுகி நிற்கும் தசைக்கு ரத்த ஓட்டமும் குறையும். கழுத்தின் சாய்வை 20 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மோவாயைப் பின்னுக்கு இழுப்பது, தோள்பட்டை எலும்புகளை நெருக்குவது, கதவு நிலையில் கை வைத்து மார்பை விரிப்பது என்று பயிற்சிகள் கொடுத்தார். செய்தேன், இதமாக இருந்தது. ஆனால் மறுநாள் போஸ்டிங் முடிந்தால் முடிச்சு திரும்பவும் அதே இடத்தில். காலையில் தளர்த்தியதைப் பகலெல்லாம் உட்கார்ந்து இறுக்கிக்கொண்டிருந்தால் எந்தப் பயிற்சி என்ன செய்யும்?

நிஜமான மாற்றம், என்னை வளைப்பதை விட்டு நோயாளியை நகர்த்தியதில் வந்தது. வாய் என் முழங்கை உயரத்துக்கு வரும்படி நாற்காலியை ஏற்றி இறக்கினேன். மேல் பற்களுக்கு நன்றாகப் படுக்க வைத்து மோவாயைத் தூக்கச் சொன்னேன்; கீழ்ப் பற்களுக்கு முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி மோவாயைத் தாழ்த்தச் சொன்னேன். "தலையை என் பக்கம் திருப்புங்க" என்று கேட்க முதலில் கூச்சம். நோயாளிகள் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நோயாளியின் தலையைக் கடிகாரமாக நினைத்தால் உச்சந்தலைக்குப் பின்னால் 12 மணி, பக்கவாட்டில் 9 மணி. எதற்கும் 9 மணி இடத்திலேயே உட்காருவதை விட்டு, தேவைக்கேற்ப 11, 12 மணி இடங்களுக்கு நகர்ந்தேன்.

கஷ்டமானது கண்ணாடியில் பார்த்து வேலை செய்வது. மேல் கடைவாய்ப் பற்களை நேராகப் பார்க்கத்தான் கழுத்து அப்படி முறுக்குகிறது. மவுத் மிரரில் பார்த்தால் கை எதிர்த்திசையில் போகும். பல் குடையும் ஏரோட்டர் கருவியின் தண்ணீர் தெறித்து ஒன்றுமே தெரியாது. திரும்ப ஃபாண்டம் தலைக்குப் போய், அதில் மட்டும் கண்ணாடியிலேயே குடைந்து பழகினேன். கொஞ்ச காலம் ஒவ்வொரு கேஸும் இழுத்தது. முடித்தாக வேண்டிய கேஸ்களின் கோட்டா தலைக்கு மேல் தொங்கும்போது மெதுவாகச் செய்வது லேசுப்பட்டதில்லை, கத்தலும் விழுந்தது. ஆனாலும் விடவில்லை.

கட்டைவிரல் வலிக்குக் காரணம் பெரும்பாலும் மழுங்கிய ஸ்கேலர். கூர் போனால் அழுத்திப் பிடிக்கத்தான் தோன்றும். தீட்டக் கற்றுக்கொண்டேன்; 10 மி.மீ. போலத் தடித்த, எடை குறைந்த கைப்பிடிக்கு மாறினேன். கையுறையும் சரியான அளவு இருக்க வேண்டும். இறுக்கமானது கட்டைவிரலை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும்.

லூப்ஸ் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி) பற்றிப் பலர் கேட்கிறார்கள். உட்காரும் விதம் சரியான பிறகு வாங்குங்கள். குனிந்த நிலையில் அளவெடுத்து வாங்கினால் அதே குனிவிலேயே உங்களைப் பூட்டி வைக்கும். தலை குனியாமல் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க உதவும் பார்வைச் சாய்வுக் கோணம்தான் முக்கியம், உருப்பெருக்கம் அப்புறம்.

இப்போது மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்து நின்று தோளைச் சுழற்றிவிடுகிறேன். சாதாரண நாளில் வலி இல்லை. கீழ் ஞானப்பல் பிடுங்கும் நாளில் மட்டும் முடிச்சு எட்டிப் பார்க்கிறது. நின்றுகொண்டு செய்யும் வேலைக்குக் கணக்கு வேறு. அதற்கும் வீடியோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.