நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன என்றார்கள்

ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், முன்பக்க மட்கார்டை ஒரே ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, சக்கரத்தின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீட்டுத் தாளை நீட்டிய அந்தப் பணிமனையின்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எங்களுடையது முதல் தலைமுறை வோக்ஸ்வாகன் போலோ விவோ கார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தின் வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்க இடப்புறத்தில் ‘டொக்’ என்று ஓர் ஒலி கேட்கும். பிரேக்கை அழுத்தினால் அதைவிடக் கனமாக இன்னொன்று கேட்கும். ஷாக் அப்சார்பர் கெட்டிருந்தால் வண்டி அழுத்திவிட்டபின் அடங்காமல் துள்ளும், அதன் உடலில் எண்ணெய் வழிந்திருக்கும், டயரும் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கும். இவற்றில் ஒன்றுகூட எங்கள் வண்டியில் இல்லை என்று சொன்னபோது, “பழைய வண்டிதானே” என்பதே எனக்குக் கிடைத்த விளக்கம்.

பக்கத்து வீட்டு மாமா மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும்” என்றார். அவர் சொன்னபடி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி இருபுறமும் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தினோம். வண்டியோடு வரும் ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக்கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோது ஆட்டம் எதுவும் தெரியவில்லை. ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங்கையும், மறையாவிட்டால் குண்டு மூட்டான பால் ஜாயிண்டையும் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் பிடித்து அசைப்பது ஸ்டியரிங் முனைகளுக்கான சோதனை, அங்கும் குறையில்லை. ஆனால் சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் பின்புற புஷ்ஷில் (ரப்பர் தாங்கியில்) சிறு கடப்பாரையைக் கொடுத்து நெம்பியவுடனே, ரப்பர் உள்வளையத்திலிருந்து பாதிக்குமேல் கிழிந்திருப்பது தெரிந்துவிட்டது. பிரேக் போடும்போது வந்த கனத்த ஒலி அதனுடையது. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, மாமா பக்கவாட்டில் ஆட்ட, நான், வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின்மீது விரலை வைத்துப் பார்த்தேன். ‘டொக்’ அங்கே விரலிலேயே தட்டியது.

அடுத்த தொல்லை உதிரிபாகக் கடையில் காத்திருந்தது. நம் நாட்டில் முன்கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே வண்டியின் அடையாள எண்ணான, 17 எழுத்தெண்கள் கொண்ட வின் எண் இருப்பதால், அதைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதைக் கணினியில் தட்டிப் பார்க்கவே இல்லை. வண்டியின் ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு, “எல்லாம் ஒன்றுதான்” என்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ரசீதில் வின் எண்ணை எழுதித்தான் ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு முகத்தைச் சுளித்தாலும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் பழைய லிங்க்கின் பக்கத்தில் புதியதை வைத்தால் ஒரு விரற்கடை நீளமாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெட்டி திறந்துவிட்டதால் எடுக்க முடியாது என்றார் அதே மனிதர். எந்தப் பயன்பாட்டுக்கு வேண்டும் என்று கடைக்காரரிடம் தெரிவித்து வாங்கிய பொருள் அதற்குப் பொருந்தாவிட்டால், 10 வேலை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தருகிறது. மேலாளரை அழைத்து, ரசீதில் இருந்த வின் எண்ணைக் காட்டி இதைச் சொன்னதும் வாதம் அடங்கியது. சரியான லிங்க்குகள் உள்ளறையிலேயே இருந்தன! ரசீதில் அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் வண்டியின் விவரத்தை நான் சொன்னதற்கே சான்று இருந்திருக்காது.

புஷ்ஷை மட்டும் அழுத்தி ஏற்றுவதற்குப் பிரஸ் எந்திரம் வேண்டும் என்பதால், புஷ் பொருத்தப்பட்டே வரும் கண்ட்ரோல் ஆர்மை இருபுறத்துக்கும் வாங்கினோம். கழற்றும் வேலையில் மல்லுக்கட்டியது லிங்க்கின் நட்டுடன்தான். கடற்காற்றுக்குத் துரு ஏறிய நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்தே சுற்றும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே தெளித்து ஊறவிட்டு, தண்டின் முனையை அதற்கேற்ற கீயால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருப்ப வேண்டும். மற்றவை சிக்கலின்றிக் கழன்றன. ஷாக் அப்சார்பரின் உச்சியில் உள்ள நடு நட்டை மட்டும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல், எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. அடங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் உயிரையே வாங்கிவிடும்.

பலர் பிழை செய்யும் இடமென்று மாமா அழுத்திச் சொன்னது, புஷ் போல்ட்டுகளை இறுக்கும் நேரத்தைத்தான். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றை முழுதும் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும். ஆகவே அவற்றைக் கையளவில் பூட்டி, கண்ட்ரோல் ஆர்முக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து, வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்துக்கு அதைத் தூக்கிய பிறகே இறுதியாக இறுக்கினோம். சக்கர போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கினோம்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் செய்த இடத்திலும் ஷாக் அப்சார்பர் விலைப்பட்டியலை நீட்டினார்கள். எது கசிகிறது என்று காட்டுங்கள் என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறெங்காவது பணிமனையில் பாகத்தை மாற்றுவோர், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்; அதைத் திருப்பித் தரவேண்டியது அதே சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி அவர்களுடைய கடமை. அலைன்மென்டுக்கு முன்னும் பின்னுமான அளவுகள் அச்சிட்ட தாளையும் கேட்டு வாங்க வேண்டும். முன்னளவு இல்லாத தாளை நான் ஏற்க மறுத்தபிறகுதான் முழுத்தாளையும் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.